ஒரு பாட்டு, நூறு வாய்: 'ராசா சாயாங்' யார் வீட்டுச் சொத்து?

வீட்டுக்குப் பத்திரம் உண்டு. நிலத்துக்குப் பட்டா உண்டு. மாட்டுக்குக்கூடக் காதிலே அடையாளம் போட்டு விடுகிறார்கள். பாட்டுக்கு என்ன பத்திரம்? யார் முதலில் பாடினார், எந்த ஊரில் பாடினார், யாரைக் கேட்டுக்கொண்டு அடுத்தவர் பாடினார் என்று எழுதி வைத்தவர் யார்? ஒருவருமில்லை. அதனால்தான் ஒரு நாட்டுப்பாட்டைப் பற்றி இரண்டு நாடுகள் வாய்ச்சண்டை போட்டுக்கொண்ட கதையும் நடந்தது. அந்தக் கதையை இந்த வாரம் தோட்டத்துத் தோழர்களோடு பேசலாமென்று எடுத்துக்கொண்டோம்.

'ராசா சாயாங்' என்று சொன்னாலே போதும். ஜொகூர் தோட்டங்களில் பிறந்தவரானாலும் சரி, சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பிள்ளையானாலும் சரி, வாய் தானாகவே முணுமுணுக்க ஆரம்பித்துவிடும். பள்ளி ஆண்டு விழா, சமூக மன்றத்துக் கூட்டம், ஒரு பஸ் பிடித்துக்கொண்டு போகிற உல்லாசப் பயணம், எதுவானாலும் இந்தப் பாட்டு ஒரு தடவையாவது வரும். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் கை தட்டிக்கொண்டு சேர்ந்து பாடக்கூடிய பாட்டுகள் இந்தத் தீவிலே எத்தனை இருக்கின்றன? விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் இது ஒன்று.

தமிழ்க் காதுக்கு 'ராசா' என்றதும் "என் ராசா" என்று தாய் கொஞ்சுகிற மாதிரி கேட்கிறது. அது வேறே, இது வேறே. மலாயில் 'ராசா' என்றால் உணர்வு, சுவை. 'சாயாங்' என்றால் அன்பு. அன்பு கொண்ட உணர்வு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் உறவு அடியோடு இல்லாமல் போகவில்லை. வடமொழி 'ரஸ' என்ற சொல்லிலிருந்துதான் மலாய் 'ராசா' வந்தது. நம் வீட்டு அடுப்பில் கொதிக்கிற ரசமும் அதே வேரில் முளைத்ததுதான். ஆக, பாட்டின் முதல் சொல்லே கடல் தாண்டி வந்த சொல். இதை மனசிலே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மாறாதது எது, மாறுவது எது?

இந்தப் பாட்டை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, எல்லோரும் சேர்ந்து திரும்பத் திரும்பப் பாடுகிற பல்லவி. இன்னொன்று, நடுவிலே ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்து விடுகிற நான்கு வரிக் கண்ணி. இந்த நான்கு வரிக்கு மலாயில் 'பந்தூன்' என்று பெயர்.

பந்தூனுக்கு ஒரு கட்டு உண்டு. முதல் இரண்டு வரியில் ஒரு காட்சி வரும். பழம், பறவை, ஆறு, படகு என்று ஏதோ ஒன்றைச் சொல்லுவார்கள். பின் இரண்டு வரியில்தான் விஷயம் வரும். முதல் வரியின் கடைசி ஓசையும் மூன்றாம் வரியின் கடைசி ஓசையும் ஒத்துப் போக வேண்டும். இரண்டாவதும் நான்காவதும் அப்படியே. எல்லோரும் அறிந்த ஒரு பந்தூன், வேலிக்கு அப்பால் பழுத்திருக்கிற சம்படாக் பழத்தில் பேச்சைத் தொடங்கி, 'நான் கற்றுக்குட்டி, பிழையிருந்தால் திருத்துங்கள்' என்ற பணிவிலே கொண்டுபோய் முடிக்கிறது. பழத்துக்கும் பணிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஓசைதான் சம்பந்தம். சில சமயம் உள்ளே ஒரு பொருளும் ஒளிந்திருக்கும்.

நம் தெம்மாங்கும் இப்படித்தானே! மலையைச் சொல்லி, மரத்தைச் சொல்லி, அப்புறம் மச்சானிடம் வருவது நமக்குப் புதிதா? ஓசையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தமிழில் அடியின் தொடக்கத்தில் எதுகை மோனை பார்ப்போம். அவர்கள் அடியின் முடிவில் பார்க்கிறார்கள். அதனால் பந்தூனைச் சொல்லுக்குச் சொல் தமிழில் போட்டால் கல்லும் மண்ணும் கலந்த சோறு மாதிரி இருக்கும். பல்லவியை மலாயிலேயே வைத்துக்கொண்டு நடுவில் சொந்தமாகத் தமிழ்க் கண்ணி கட்டி விட்டால் பாட்டு வழுக்கிக்கொண்டு போகும்.

இதில் அடங்கியிருக்கிற சூட்சுமம் இதுதான்: பல்லவி பொதுச் சொத்து, கண்ணி பாடுகிறவன் சொத்து. பாட்டு பிறந்தபோதே மாற்றிப் பாடுவதற்கென்று பிறந்தது. 'அசல் வரி எது?' என்று கேட்டால் பதில் கிடைக்காது.

சிராங்கூன் ரோட்டுப் பக்கத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருந்தது. 1923-இல் திறக்கப்பட்ட 'நியூ வேர்ல்ட்' கேளிக்கைப் பூங்காவைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குத்துச் சண்டை, நாடகம், சினிமா இவற்றோடு அங்கே ரோங்கெங், ஜோகெட் ஆட்ட மேடையும் இருந்தது. ரோங்கெங் வழக்கத்திலே வயலினும் ரபானாவும் கோங்கும் ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, பாடுகிறவர்கள் பந்தூனுக்குப் பந்தூன் பதில் சொல்லுவார்கள். நம் ஊர் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி பாடுகிற மாதிரிதான். 1987-இல் அந்தப் பூங்கா மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி நிற்கிறது.

நான்கு பதிப்பு, நான்கு முகம்

ஒரே பாட்டு காலத்துக்குக் காலம் எப்படி வேஷம் மாற்றியது என்று இனிப் பார்ப்போம்.

முதல் முகம், யுத்த காலத்து முகம். 1943-இல் ஜப்பானியர் 'மராய் நோ தோரா' என்று ஒரு சினிமாப் படம் எடுத்தார்கள். 'மலாயாப் புலி' என்று அர்த்தம். திரங்கானுவில் வளர்ந்து, ஜப்பானிய ராணுவத்துக்கு வேவு பார்த்து, 1942 மார்ச்சில் சிங்கப்பூரில் இறந்துபோன தானி யுத்தாகா என்பவனை வீரனாக்கிக் காட்டிய படம். அந்தப் படத்தில் 'ராசா சாயாங்' ஒலிக்கிறது. அன்பைச் சொல்லுகிற பாட்டு ஆக்கிரமிப்புக்குப் பின்னணி வாசித்தது! அதே 1943-இல்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. பாட்டின் மேல் குற்றமில்லை. யார் கையில் ஒலிபெருக்கி இருக்கிறதோ, அவர் பக்கம் பாட்டும் நிற்கிற மாதிரி தோன்றிவிடும். அவ்வளவுதான்.

இரண்டாவது முகம், விடுதலைக்குப் பின் வந்த முகம். இந்தோனேசிய இயக்குநர் உஸ்மார் இஸ்மாயில் 1954-இல் 'லெவாட் ஜாம் மாலாம்' என்ற படத்தை எடுத்தார். 'ஊரடங்கு நேரத்துக்குப் பின்' என்று சொல்லலாம். புரட்சியில் துப்பாக்கி தூக்கிய ஒருவன் பாண்டுங் நகரத்துக்குத் திரும்பி வருகிறான். நாடு விடுதலையாகிவிட்டது, ஆனால் எதற்காகப் போராடினோமோ அது எங்கே என்று தவிக்கிறான். அந்தப் படத்திலும் 'ராசா சாயாங்' உண்டு. வெளியே மனிதர்கள் ஆடிப் பாடுகிறார்கள், உள்ளே ஒருவன் வெந்துகொண்டிருக்கிறான். ஜப்பானியப் படத்தில் மேடை அலங்காரமாக இருந்த பாட்டு, இங்கே மனசைக் குத்துகிறது. இன்னொரு விசேஷம் சொல்ல வேண்டும். பழுதாகிப் போன இந்தப் படத்தைப் புதுப்பிக்க முன்னின்றது சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகம். இத்தாலியில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இந்தோனேசியச் சொத்தைச் சிங்கப்பூர் காப்பாற்றிக் கொடுத்தது என்றால் அதுவும் ஒரு 'சாயாங்' தானே!

மூன்றாவது முகம், இசைத்தட்டு முகம். 1962-இல் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. வந்த விருந்தினர்களுக்கு நினைவுப் பரிசாகக் கொடுப்பதற்கு சோலோ நகரிலுள்ள 'லோகனந்தா' என்ற அரசாங்க ஒலிப்பதிவு நிறுவனம் ஓர் இசைத்தட்டைத் தயாரித்தது. அதில் 'ராசா சாயாங்கே' என்று இழுத்து முடிகிற மலுக்குத் தீவு வழக்கிலே இந்தப் பாட்டு இருந்தது. வாயிலும் காற்றிலும் இருந்த பாட்டு, நாட்டின் பெயரோடு கருப்புத் தட்டில் ஏறிவிட்டது. இது பின்னால் பெரிய சாட்சியாக வந்து நின்றது.

நான்காவது முகம், விளம்பர முகம். 2007-இல் மலேசியச் சுற்றுலாத் துறை, வெளிநாட்டாரைக் கவர்வதற்காக இந்தப் பாட்டை விளம்பரத்தில் சேர்த்தது. உடனே இந்தோனேசியாவில் கொந்தளிப்பு! "இது மலுக்குத் தீவுப் பாட்டு, எங்க பாட்டு" என்று அங்கே குரல் எழுந்தது. பார்லிமெண்ட் உறுப்பினர்கள் சிலர் வழக்குப் போட வேண்டும் என்றார்கள். 1962 இசைத்தட்டைத் தூக்கிக் காட்டினார்கள். மலேசிய அமைச்சர் தரப்பில், இது இந்தத் தீவுக் கூட்டம் முழுவதற்கும் சொந்தமான பாட்டு என்று பதில் வந்தது. கோர்ட்டுத் தீர்ப்பு என்று ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? எழுதியவர் கையெழுத்து இருந்தால் அல்லவா நீதிபதி பார்ப்பார்!

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. மெட்டு அதேதான். ஆனால் ஒன்றில் ராணுவம், ஒன்றில் ஏமாற்றம், ஒன்றில் தேசப் பெருமை, ஒன்றில் வியாபாரம். எங்களைக் கேட்டால், இந்த நான்கில் இரண்டாவதற்குத்தான் முதல் மார்க்குப் போடுவோம். பாட்டை எதற்கும் விளம்பரமாக ஆக்காமல், ஒரு மனிதனின் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது அதுதான். ஆனால் அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. பஸ்ஸின் பின் சீட்டில், தாளம் தப்பி, பிள்ளைகள் ஆளுக்கொரு கண்ணி கட்டிப் பாடுகிறார்களே, அந்தப் பதிப்பு! பாட்டு பிறந்த சுபாவத்துக்கு ஒத்தது அதுதான்.

காகிதம் இருந்தால் ஒரு நீதி, இல்லாவிட்டால் ஒரு நீதி

இதோடு ஒப்பிட இன்னொரு சம்பவம். 1986-இல் வெளிவந்த 'கவுண்ட் ஆன் மீ சிங்கப்பூர்' என்ற தேசிய தினப் பாட்டை அறியாதவர் இல்லை. இயற்றியவர் ஹியூ ஹாரிசன். 2021 மார்ச்சில், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, கிட்டத்தட்ட அதே பாட்டு இந்தியாவில் பாடப்படுவது தெரிய வந்தது. மும்பைக்காரர் ஒருவர் தான் 1983-லேயே இயற்றியதாகச் சொன்னார். சிங்கப்பூர் அரசாங்கம் உரிமை தன்னிடம் இருப்பதை எடுத்துக் காட்டியது. சில நாளில் அவர் தம் உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டார். காகிதம் இருந்தது, காரியம் முடிந்தது.

காகிதம் இல்லாத பாட்டின் கதி வேறே. 'டாயுங் சம்பான்' என்ற இந்தோனேசிய மெட்டு, 1979-இல் தெரசா டெங் குரலில் 'தியான் மி மி' என்ற சீனக் காதல் பாட்டாக மாறி உலகமெல்லாம் சுற்றியது. இனிமையான பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டு உருகுகிறவர்களில் எத்தனை பேருக்குப் படகு தள்ளுகிறவனின் ஞாபகம் வரும்?

நம் பக்கத்தில் 'சுராங்கனி' இருக்கிறது. இலங்கையில் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வந்த 'பைலா' ஆட்டத் தாளத்திலே, மீனைப் பற்றிய பாட்டு. சிங்களமும் தமிழும் கலந்து அதைப் பாடி எங்கும் பரப்பியவர் 'சிலோன் மனோகர்' என்று பெயர் பெற்ற ஏ. இ. மனோகரன். 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அது சினிமாவுக்கு வந்தது. பாடிய ஆண் குரல் மலேசியா வாசுதேவன், நம் மலேசிய மண்ணில் பிறந்து சென்னைக்குப் போய்ப் பெயர் வாங்கியவர். மனோகரன் பாட்டில் மேடையும் கிட்டாரும் தெரியும், ஒரு நண்பர் கூட்டத்தின் கும்மாளம் தெரியும். சினிமாப் பாட்டில் வாத்தியக் கோவை கெட்டி, குரல் பக்குவம். ஒன்று கடற்கரை, ஒன்று கொட்டகை. இரண்டையும் கல்யாண வீட்டில் போட்டால் கால் நிற்காது. ஆனால் அதே 1977 ஆகஸ்டில் இலங்கையில் தமிழர் மேல் கலவரம் நடந்தது. மலைத்தோட்டத்து மக்களும் அடிபட்டு வீடிழந்தார்கள். இரண்டு மொழி ஒரு பாட்டில் கைகோத்து ஆடின, இரண்டு ஜனம் ஆட முடியவில்லை. பாட்டு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

தோட்டத்துப் பாட்டுக்கு யார் பெயர்?

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. தீ, அறிவு இருவரும் பாடினார்கள். இசை சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்க்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கான தோட்டத் தமிழர் கப்பலேறிய சரித்திரத்தை நீங்கள் அறிவீர்கள். ஒப்பாரியும் தோட்டத்துத் துயரமும் அந்தப் பாட்டிலே வந்ததால்தான் நம் ஜனங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததையும் அறிவீர்கள். வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் மறுபதிப்புச் செய்தார். 2021 ஆகஸ்டில் ஒரு பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லாதது கண்டனத்தைக் கிளப்பியது. 2022-இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்டது. அவர் தம் வருத்தத்தைச் சொன்னார், மற்ற இருவரும் தங்கள் விளக்கத்தைச் சொன்னார்கள். 2024-இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டினால் தங்களுக்குக் காசு ஒன்றும் வரவில்லை என்று கூறினார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. பெயரும் புகழும் உள்ள கலைஞர்களுக்கே இந்த இழுபறி என்றால், பெயரே இல்லாமல் பாடிப் போன பால்மரத்துப் பெண்களை யார் கணக்கிலே சேர்ப்பது? அதுதான் நம் கேள்வி.

சிங்கப்பூருக்கும் பால்மரத்துக்கும் உள்ள தொடர்பு இளையவர்களுக்குத் தெரியாது. 1877-இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு வந்த 22 கன்றுகள்தான் இந்த வட்டாரத்துக் கித்தாக் காடுகளுக்கெல்லாம் விதை. 1888-இல் வந்த ரிட்லி, மரம் சாகாமல் பால் வடிக்கிற வெட்டு முறையைக் கண்டார். செம்பவாங், மண்டாய், லிம் சூ காங் பக்கமெல்லாம் தோட்டங்கள் இருந்தன. இன்று செம்பவாங்கில் அடுக்குமாடிகள். தோட்டம் போனதோடு பெரட்டுக் களமும் போயிற்று, லயமும் போயிற்று. அங்கே பாடிய தாலாட்டும் கங்காணியைக் கிண்டல் செய்த பாட்டும் எங்கே போயின?

அந்தப் பாட்டுகளுக்கும் நூறு பதிப்பு இருந்தது. ஒரே மெட்டு, ஒரு தோட்டத்தில் துரையைத் திட்டும், அடுத்த தோட்டத்தில் கிராணியைத் திட்டும். ஒரு தோட்டத்தில் தமிழ்நாட்டுக் கிராமத்தின் பெயர் வரும், இன்னொன்றில் ஜொகூரிலுள்ள கம்பத்தின் பெயர் வரும். 'ராசா சாயாங்' எப்படியோ அப்படியே. ஆனால் அதற்கு இசைத்தட்டு இருந்தது, படம் இருந்தது, சண்டை போட இரண்டு சர்க்கார் இருந்தது. நம் பாட்டுக்குச் சண்டை போட ஆள் இல்லை. இலங்கையில் சி. வி. வேலுப்பிள்ளை மலையகத்து மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் செய்யாதிருந்தால் அதில் பாதியும் மண்ணோடு போயிருக்கும்.

நம்மால் என்ன செய்ய முடியும்? பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம், தோழர்களே. வீட்டிலே பாட்டி இருக்கிறாரா? "ஆத்தா, பால்மரம் வெட்டப் போறப்ப என்ன பாடுவீங்க?" என்று ஒரு நாள் சாயங்காலம் கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த வருஷ வாக்கில் பாடியது, இந்த மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கள். இதுதான் பத்திரம். சொல்லைத் திருத்தாதீர்கள். கொச்சை என்று வெட்டாதீர்கள். மலாய்ச் சொல் கலந்திருந்தால் கலந்தபடியே இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி அதையே வேறு மாதிரி பாடினால், 'எது சரி?' என்று வழக்கு வைக்காமல் அதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டும் சரிதான்.

1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் நாலு எட்டு நடந்தால் வந்துவிடும். பாட்டு கிடைத்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நமக்கும் ஒரு பிரதி எழுதியனுப்புங்கள், பாடியவர் பெயரோடு இந்தப் பகுதியில் போடுவோம்.

'ராசா சாயாங்' யார் வீட்டுச் சொத்து என்று தலைப்பில் கேட்டோம். பாடத் தெரிந்த எல்லார் வீட்டுச் சொத்தும்தான். தோட்டத்துப் பாட்டும் அப்படியே ஆக வேண்டுமானால், முதலில் அது நம் வீட்டிலாவது இருக்க வேண்டும்.